தண்ணீர் குடிக்கும் அக்ரிலிக் நார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வெட்டர் பின்னும் அதே அக்ரிலிக் நாரைக் காஸ்டிக் சோடாவில் பக்குவமாக வேகவைத்தால், தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நாராக அது மாறிவிடும். ஜவுளி வேதியியல் மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்கும் கேள்விகளும், சிறுதொழிலாகச் செய்யலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டயப்பரில் இருக்கும் பொடியும் இதுவும் ஒன்றுதானா?

வேதியியலில் நெருங்கிய சொந்தம், வடிவம் வேறு. டயப்பருக்குள் இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட் குருணை. அக்ரிலிக் அமிலத்தைப் பாலிமராக்கி, உலர்த்தி, அரைத்து அதை எடுக்கிறார்கள். அக்ரிலிக்கில் இருந்து செய்யும் நாரிலும் தண்ணீரைப் பிடிப்பது அதே சோடியம் கார்பாக்சிலேட் தொகுதிகள்தான் (எதிர்மின்னூட்டம் கொண்ட அமிலத் தொகுதியும் அதற்குத் துணையாக ஒரு சோடியமும்), கூடவே கொஞ்சம் நைட்ரஜன் உள்ள அமைடு தொகுதிகளும் இருக்கும்.

பஞ்சும்தானே தண்ணீர் குடிக்கிறது என்று சிலர் கேட்பார்கள். பஞ்சில் பெரும்பாலான தண்ணீர் இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில்தான் நிற்கிறது, பிழிந்தால் வந்துவிடும். இங்கே தண்ணீர் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து இழையையே வீங்க வைக்கிறது. கையில் எடுத்துப் பிழிந்தால் வழவழவென்று இருக்கும், உள்ளே போன தண்ணீர் சொட்டாது.

ஏன் எல்லோரும் அக்ரிலிக்கையே பிடித்துக்கொள்கிறார்கள்? பாலியெஸ்டரில் செய்யக்கூடாதா?

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். அக்ரிலிக் நாரின் எடையில் குறைந்தது 85 சதவீதம் அக்ரிலோநைட்ரைல் இருக்க வேண்டும் என்பது ஜவுளித் துறையின் வரையறை. அந்தப் பாலிமரில் முதுகெலும்பு முழுக்கக் கார்பன்–கார்பன் பிணைப்பு, நைட்ரைல் தொகுதிகள் (ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்தவை) அதன் பக்கவாட்டில் தொங்குகின்றன. காரம், அதாவது காஸ்டிக், வந்து தாக்குவது பக்கவாட்டில் இருப்பதை மட்டும்தான். நைட்ரைல் கார்பாக்சிலேட்டாக மாறும், சங்கிலியின் நீளம் அப்படியே இருக்கும்.

பாலியெஸ்டரில் எஸ்டர் பிணைப்பு முதுகெலும்பிலேயே இருக்கிறது. அதே காஸ்டிக்கில் போட்டால் சங்கிலியே துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, மேற்பரப்பு அரிக்கப்பட்டு, நார் மெலிந்துபோகும் (பாலியெஸ்டர் துணிக்குப் பட்டு மாதிரி குழைவு வர மில்களில் எடை குறைப்பு என்று இதையே வேண்டுமென்றே செய்கிறார்கள்). நைலானிலும் அமைடு பிணைப்பு முதுகெலும்பில்தான் இருக்கிறது. பாலிப்ரொப்பிலீனில் வேதிப்பொருள் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியே கிடையாது, அதனால் காமா கதிரோ எலக்ட்ரான் கற்றையோ பாய்ச்சி அக்ரிலிக் அமிலத்தை ஒட்டவைக்க வேண்டும். அதைச் செய்கிறார்கள், ஆனால் கதிர்வீச்சு வசதி இல்லாத இடத்தில் அது நடக்காது. ஒரு பானை, அடுப்பு, காஸ்டிக், கொஞ்சம் ஆல்கஹால் இருந்தால் போதும் என்கிற வழி அக்ரிலிக்கில் மட்டும்தான் திறந்திருக்கிறது.

காரத்தில் போட்டதும் நார் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, பிறகு அடர் சிவப்பு, கடைசியில் திரும்பவும் வெளிர் மஞ்சள் என்பதுதான் வழக்கமான வரிசை. பக்கத்துப் பக்கத்து நைட்ரைல் தொகுதிகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புகள் தொடராக அமையும்போது சிவப்பு வருகிறது. அந்தத் தொடர்கள் காரத்தால் உடைந்து அமைடும் கார்பாக்சிலேட்டுமாக மாறும்போது நிறம் வெளுக்கிறது. ஆய்வகத்தில் வேறு கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு இந்த நிறமாற்றம்தான் கடிகாரம்.

வேதிவினை இரண்டு படியாக நடக்கிறது. நைட்ரைல் முதலில் அமைடாகிறது, அமைடு பிறகு சோடியம் கார்பாக்சிலேட்டாகி அம்மோனியாவை விடுகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை இரண்டாவது படியில் வருவது. ஆனால் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அமைடு முழுவதும் தீர்ந்துபோகாது, ஏனென்றால் சங்கிலியில் எதிர்மின்னூட்டம் கூடக் கூட, தானும் எதிர்மின்னூட்டம் கொண்ட ஹைட்ராக்சைடு அயனியை அது நெருங்க விடாது.

என் நார் வீங்கி, வீங்கி, கடைசியில் கஞ்சி மாதிரி கரைந்தே போய்விட்டது. எங்கே தவறு?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது, இந்தத் தொழிலின் மொத்த வித்தையும் இதற்கான பதிலில்தான் இருக்கிறது. நாரைத் தண்ணீர் குடிக்க வைப்பது கஷ்டமே இல்லை, காரமும் சூடும் போதும். குடித்த பிறகும் அது நாராகவே இருக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

சோடியம் பாலிஅக்ரிலேட் தண்ணீரில் கரையும் பொருள். சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு எதுவும் இல்லையென்றால் தண்ணீர் உள்ளே போகப் போக அவை விலகிக்கொண்டே போய் முடிவில் கரைசலாகிவிடும். முடிச்சே போடாத நூல்கட்டும் முடிச்சுப் போட்ட மீன்வலையும் தண்ணீரில் எப்படி வேறு வேறாக நடந்துகொள்ளுமோ அப்படி. முடிச்சு அதிகமானால் வலை விரியாது, அதாவது உறிஞ்சும் அளவு குறையும். முடிச்சு குறைந்தால் நார் வழுக்கி நழுவும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தை நாம் தேர்ந்தெடுத்தாக வேண்டும், அது எந்த இடம் என்பதைப் பயன்பாடுதான் சொல்லும்.

இதற்கு நடைமுறையில் இரண்டு பாதைகள். ஒன்று, நாரின் தோலை மட்டும் மாற்றிவிட்டு நடுப்பகுதியை அக்ரிலிக்காகவே விட்டுவிடுவது. இன்னொன்று, முதலில் குறுக்குப் பிணைப்புப் போட்டுவிட்டு அப்புறம் நார் முழுவதையும் காரத்தால் மாற்றுவது.

தோலை மட்டும் மாற்றுவது எப்படி? காரம் உள்ளே போகாமல் யார் தடுப்பது?

நல்ல கேள்வி. நீர்த்த காஸ்டிக்கில் வேகவைத்தால் மேல்படலம் ஜெல்லாகி வீங்கும். வீங்கிய ஜெல் வழியாகக் காரம் தாராளமாக உள்ளே போகும், அப்புறம் எதுவும் நம் கையில் இல்லை. அதனால் காரத்தை மிகவும் செறிவாக எடுக்க வேண்டும், அல்லது காரத்தோடு உப்பை நிறையச் சேர்க்க வேண்டும். சுற்றிலும் அயனிகள் அடர்த்தியாக இருந்தால் உருவாகும் கார்பாக்சிலேட் படலம் வீங்க முடியாமல் இறுகியே கிடக்கும், அது காரத்தின் வேகத்தையும் மட்டுப்படுத்தும். வேண்டிய தடிமன் வந்ததும் எடுத்துவிடலாம். தண்ணீருக்குப் பதில் ஆல்கஹால் கலந்த நீரில் காஸ்டிக்கைக் கரைத்துச் செய்வதும் இதே நோக்கத்தில்தான்.

ஜப்பான் எக்ஸ்லான் நிறுவனத்தின் 'லான்சீல்' இந்த வகை நார். வெளியே ஜெல், உள்ளே அக்ரிலிக். தண்ணீரில் போட்டால் பக்கவாட்டில் பெருக்கும், நடுவில் உள்ள அக்ரிலிக் இழுவையைத் தாங்கும். உறிஞ்சும் அளவைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வலிமையை வாங்குவது என்பது என் பார்வையில் நல்ல வியாபாரம். நூற்கவோ நெய்யவோ போகிறவர்கள் முதலில் இந்தப் பாதையைத்தான் முயல வேண்டும்.

குறுக்குப் பிணைப்புக்கு ஹைட்ரசீன்தான் வேண்டுமா?

ஹைட்ரசீன் ஹைட்ரேட் இரண்டு சங்கிலிகளின் நைட்ரைல் தொகுதிகளுக்கு நடுவே பாலம் போடும், வேலை சுத்தமாக நடக்கும். ஆனால் அது நஞ்சு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் உள்ளது. நல்ல காற்றிழுப்பு அறை இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் இதைத் தொடவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஃபார்மால்டிஹைடும் அமைடு தொகுதிகளை இணைக்கும், ஆனால் அதுவும் புற்றுநோய் ஊக்கிதான்.

வேதிப்பொருளே இல்லாத வழி சூடு. காற்றில் 200 டிகிரிக்கு மேல் அளவாகச் சூடாக்கினால் நைட்ரைல்கள் வளையங்களாகக் கோத்துக்கொண்டு, சங்கிலிகளுக்கு நடுவிலும் பிணைப்பு வந்து, நார் பழுப்பாகும். கார்பன் நார் செய்வதில் முதல் படியும் இதுவேதான். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இந்த வினை தானே வெப்பத்தை வெளிவிடும், எனவே நாரைக் கட்டாகச் சுருட்டி அடுப்பில் வைத்தால் நடுவில் சூடு ஏறித் தீப்பிடிக்கலாம். அக்ரிலிக் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். பிரித்து மெல்லிய படலமாகப் பரப்பி, வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றி, காற்றிழுப்புக்குக் கீழே மட்டும் செய்யுங்கள்.

காஸ்டிக்கில் வேகவைக்கும்போதும் சயனைடு வருமா?

அந்தப் பயம் வேண்டாம். நைட்ரைலின் கார்பன் சங்கிலியோடு உறுதியாகப் பிணைந்திருக்கிறது. காரத்தில் அது கார்பாக்சிலேட்டின் கார்பனாக மாறி அங்கேயே இருந்துவிடும், நைட்ரஜன் மட்டும் அம்மோனியாவாகப் போகும்.

எவ்வளவு நாருக்கு எவ்வளவு காஸ்டிக்? ஒரு கணக்கு சொல்லுங்கள்.

அக்ரிலோநைட்ரைல் அலகின் எடை 53, சோடியம் ஹைட்ராக்சைடு 40, அம்மோனியா 17, சோடியம் அக்ரிலேட் அலகு 94. ஒரு நைட்ரைலுக்கு ஒரு ஹைட்ராக்சைடு போதும். ஆகவே 10 கிராம் பாலிஅக்ரிலோநைட்ரைல் முழுவதும் மாற 7.5 கிராம் காஸ்டிக் செலவாகும், சுமார் 3.2 கிராம் அம்மோனியா வெளியேறும். அறை வெப்பநிலையில் அது நாலரை லிட்டர் வாயு. மூடிய சின்ன அறையில் கண்ணைத் திறக்க முடியாது. உலர்ந்த நாரின் எடையும் 10 கிராமில் இருந்து 17.7 வரை கூடலாம், எடை கூடிவிட்டதே, சரியாக உலரவில்லையோ என்று குழம்ப வேண்டாம். நடைமுறையில் கணக்குக்கு மேல் கூடுதலாகவே காரம் எடுப்பார்கள்.

அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காஸ்டிக் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும். எவர்சில்வர் போதும். கண் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் சூடான காஸ்டிக் பக்கம் போகாதீர்கள். அமிலத்தை விடக் காரம் கண்ணுக்குக் கொடியது, ஏனென்றால் அது திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

வேகவைத்து முடித்ததும் தண்ணீரில் அலசினேன், எல்லாம் ஒட்டிப்போய் ஒரே உருண்டையாகிவிட்டது.

தண்ணீரில் அலசக்கூடாது. மிச்சக் காரத்தையும் உப்பையும் ஆல்கஹால் அதிகமுள்ள நீரில் அலசி எடுங்கள், கடைசி அலசல் கிட்டத்தட்ட முழு ஆல்கஹாலாக இருக்கட்டும், இழைகளைப் பிரித்து வைத்து உலர்த்துங்கள். நார் தண்ணீரில் வீங்கிய நிலையில் உலர்ந்தால் பக்கத்து இழைகள் பசை போட்டாற்போல் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. ஆல்கஹால் அலசல் நடக்கும் இடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

வாலை வடித்த நீரில் அருமையாக உறிஞ்சுகிறது, போர் தண்ணீரில் பாதிகூட வரவில்லையே?

நாருக்குள் ஒவ்வொரு கார்பாக்சிலேட்டுக்கும் துணையாக ஒரு சோடியம் அயனி நிற்கிறது. மின்னூட்டச் சமநிலைக்காக அது வெளியே போக முடியாது. உள்ளே அயனிகள் நெருக்கம், வெளியே தூய தண்ணீர் என்பதால் சவ்வூடு அழுத்தம் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலியும் விரிகிறது. குறுக்குப் பிணைப்புகளின் இழுவிசை இதற்கு ஈடாகும் இடத்தில் வீக்கம் நிற்கும். வெளித் தண்ணீரிலேயே உப்பு இருந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும், வீக்கமும் சுருங்கும். தூய நீரில் சில நூறு மடங்கு பிடிக்கும் நல்ல டயப்பர் குருணைகூட 0.9 சதவீத உப்பு நீரில் ஏறக்குறைய 30 முதல் 50 மடங்கோடு நின்றுவிடுகிறது.

போர் தண்ணீரில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் இரட்டை மின்னூட்டம் கொண்டவை, ஒரே அயனி இரண்டு கார்பாக்சிலேட்டைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். நாம் போடாத முடிச்சுகள் தண்ணீரில் இருந்தே வந்து விழுகின்றன. அதனால் எந்தத் தண்ணீரில் அளந்தோம் என்று சொல்லாமல் இத்தனை மடங்கு உறிஞ்சும் என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். எப்போதும் உப்பு நீர்க் கணக்கைக் கேளுங்கள்.

வீட்டிலேயே எப்படி அளப்பது?

மெல்லிய நைலான் வலையில் சின்னப் பை தைத்து, எடை தெரிந்த உலர்ந்த நாரை அதில் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, தூக்கிக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு எடை பாருங்கள். வெறும் பையை அதே போல நனைத்து எடுத்து அந்த எடையைக் கழிக்க வேண்டும். வரும் நீரின் எடையை உலர்ந்த நாரின் எடையால் வகுத்தால் ஒரு கிராமுக்கு இத்தனை கிராம் என்று கிடைக்கும். நாரில் மட்டும் ஒரு சிக்கல், இழைகளுக்கு நடுவே சும்மா நிற்கும் தண்ணீரும் கணக்கில் ஏறிவிடும். மையவிலக்குக் கருவியில் சுற்றி அதை உதறிவிட்டு அளப்பதுதான் நேர்மையான அளவு. கல்லூரியில் அகச்சிவப்பு நிறமாலைமானி இருந்தால் 2240 அலைஎண் அருகே உள்ள நைட்ரைல் முகடு குறைந்து, 1560 அருகே கார்பாக்சிலேட் முகடு எழுவதையும் பார்க்கலாம்.

பொடி மலிவாகக் கிடைக்கும்போது நாருக்கு என்ன தேவை?

முதல் காரணம் வேகம். ஜெல் வீங்க எடுக்கும் நேரம் அதன் குறுக்களவின் இருமடிக்கு ஏற்பக் கூடும். குருணை நாரை விடப் பத்து மடங்கு பருமன் என்றால் நேரம் நூறு மடங்கு. சில பத்து மைக்ரான் தடிமனுள்ள நார் சில நொடிகளில் வேலையை முடித்துவிடும்.

இரண்டாவது, நார் இடம் பெயராது. நூலாக நூற்கலாம், துணியாக்கலாம், மெல்லிய விரிப்பாக்கலாம், தூசி பறக்காது. ஒளியிழைக் கேபிளுக்குள் தண்ணீர் புகுந்தால் அந்த இடத்திலேயே வீங்கி அடைக்கும் நூல், இறைச்சி மீன் தட்டுகளுக்கு அடியில் வைக்கும் உறிஞ்சு விரிப்பு எல்லாம் இப்படி வருபவை.

உறிஞ்சும் பொருள் இடம் பெயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கடுமையான உதாரணம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 13 அன்று சுராபயாவில் இருந்து ஹாங்காங் போன கேத்தே பசிபிக் 780 விமானத்தில் இரண்டு என்ஜின்களின் உந்துவிசையும் கட்டுப்பாட்டை இழந்தது. விமான நிலைய எரிபொருள் குழாயில் உப்புத் தண்ணீர் கலந்திருக்கிறது. அது வடிகட்டியில் இருந்த மீஉறிஞ்சு பாலிமரை (டயப்பர் பொடி வகைப் பொருளை) பாதித்ததால், அந்தப் பாலிமர் நுண்ணிய உருண்டைகளாக எரிபொருளோடு கலந்து, என்ஜினுக்குப் போகும் எரிபொருளை அளந்துவிடும் வால்வை இறுக்கிவிட்டது என்று விசாரணை கண்டறிந்தது. விமானிகள் மிக அதிக வேகத்தில் தரையிறக்கிக் காப்பாற்றினார்கள். இந்தப் பொருள் போய்ச்சேரும் இடத்தில் அதை எது பிடித்து வைக்கப்போகிறது என்ற கேள்வியை வடிவமைப்பின் முதல் நாளே கேட்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் அக்ரிலிக்கை வேகவைத்துத்தான் செய்கின்றனவா?

எல்லோரும் இல்லை. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் உள்ள டெக்னிக்கல் அப்சார்பன்ட்ஸ் நிறுவனம் அக்ரிலிக் அமிலக் கோபாலிமரின் (வேறு அலகுகளும் கலந்த பாலிமரின்) நீர்க்கரைசலை நேரடியாக நாராக நூற்று, பிறகு சூட்டில் குறுக்குப் பிணைப்பு போடுகிறது. நூற்கும்போது கரையும் பொருள், சூடு பட்டதும் கரையாத பொருள் என்ற அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

நைட்ரைலைக் காரத்தால் மாற்றும் வழி பிரபலமானது 1970களில், அமெரிக்க வேளாண் துறையின் இலினாய் மாநில பியோரியா ஆய்வகத்தில். சோள ஸ்டார்ச்சில் அக்ரிலோநைட்ரைலை ஒட்டி, காஸ்டிக்கில் மாற்றி, 'சூப்பர் ஸ்லர்ப்பர்' என்று பெயர் வைத்தார்கள்.

விவசாயத்துக்குப் போடலாமா?

இந்த நாரை நிலத்தில் போடாதீர்கள். சோடியம் மண்ணுக்கு ஆகாது. காஸ்டிக் பொட்டாஷில் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடில்) செய்தால் அந்தக் குறை தீரும், ஆனால் நடுவில் மாறாமல் இருக்கும் அக்ரிலிக் மண்ணில் மக்காது, நுண்பிளாஸ்டிக்காகக் கிடக்கும். வேளாண் பயன்பாட்டுக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ஹைட்ரோஜெல் போன்ற, செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டவை தனியாக இருக்கின்றன.

நாப்கின் செய்து விற்கலாமா?

நீங்களே வேகவைத்த நாரை உடலில் படும் எதிலும் வைக்காதீர்கள். மிச்சக் காரம், மிச்ச மோனோமர் (பாலிமராகாமல் தங்கிய மூலப்பொருள்), நார் ஆலையில் தடவிய எண்ணெய்ப் பூச்சு என்று சோதிக்க வேண்டியவை பல. உடலுக்குள் வைக்கும் பொருள் என்றால் இன்னும் கடுமை. 1980இல் நச்சு அதிர்ச்சி நோய் காரணமாக அமெரிக்காவில் 'ரிலை' டாம்பன் திரும்பப் பெறப்பட்டது. அதில் இருந்த உறிஞ்சி கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ். அடுத்த சில ஆண்டுகளில் பாலிஅக்ரிலேட் சேர்த்த டாம்பன்களும் சந்தையை விட்டுப் போயின. அதிகம் உறிஞ்சுவது எல்லா இடத்திலும் நல்லது இல்லை.

அமிலத்தில் போட்டால் சுருங்குகிறதே, அதற்கு ஏதாவது பயன் உண்டா?

அமிலத்தில் கார்பாக்சிலேட் மின்னூட்டம் இழந்து கார்பாக்சிலிக் அமிலமாகிறது, தள்ளுவிசை போய்விடுவதால் நார் சுருங்குகிறது, காரத்தில் திரும்ப விரிகிறது. சூட்டில் பழுப்பாக்கிக் காரத்தில் வேகவைத்த நார்களை வைத்து நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் மோசன் ஷாகின்பூர் போன்றவர்கள் செயற்கைத் தசைகள் செய்து பார்த்தார்கள். மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் சோதனை கிடைக்காது. ஒற்றை நாரில் சின்ன எடையைத் தொங்கவிட்டு நீர்த்த அமிலத்திலும் காரத்திலும் மாறி மாறி நனைத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் பிடியுங்கள்.

கழிவு நீரையும் அம்மோனியாவையும் என்ன செய்வது?

காஸ்டிக் நீரை அப்படியே சாக்கடையில் விடக்கூடாது, நீர்த்த அமிலத்தால் நடுநிலையாக்கிவிட்டுத்தான் விட வேண்டும். சிறுதொழில் அளவுக்குப் போனால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் ஆல்கஹாலைக் காய்ச்சி மீட்கும் வசதியும் இல்லாமல் கட்டுப்படியாகாது, திட்ட மதிப்பீட்டில் இந்த இரண்டையும் முதலில் எழுதுங்கள். அம்மோனியாவை நீர்த்த கந்தக அமிலம் வழியாகச் செலுத்தினால் அம்மோனியம் சல்பேட்டாகத் தங்கிவிடும். அதில் மாணவர்களுக்கு ஒரு லாபமும் உண்டு: அளவு தெரிந்த அமிலத்தை எடுத்து, முடிவில் எவ்வளவு மிச்சம் என்று தரம்பார்த்தால் (டைட்ரேஷன் செய்தால்) வெளியேறிய அம்மோனியா தெரியும், ஓர் அம்மோனியாவுக்கு ஒரு கார்பாக்சிலேட் என்பதால் நாரில் எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்பதும் கருவி எதுவும் இல்லாமலே கிடைத்துவிடும்.